கண்ணுக்குள் லென்ஸ்: எந்தக் குழந்தைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழில் கட்டுரை வந்ததிலிருந்து, குடியாத்தத்தில் நான் நடத்தும் கண்ணாடிக் கடைக்கு வரும் பெற்றோர் பலர், "எங்கள் பிள்ளைக்கும் இதைச் செய்துவிட்டால் கண்ணாடித் தொல்லை தீர்ந்துவிடுமே" என்று கேட்கிறார்கள். மைனஸ் மூன்று, நான்கு பவர் உள்ள பிள்ளைக்குக் கண்ணாடியே போதும்.

இச்சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள் மிகச் சிலரே. ஒரு கண் நன்றாக இருந்து, மறு கண்ணில் மட்டும் மைனஸ் பத்து, பன்னிரண்டு என்று பவர் உள்ள பிள்ளைக்கு நாங்கள் எவ்வளவு நேர்த்தியாகக் கண்ணாடி செய்தாலும், ஒரு பக்க லென்ஸின் ஓரம் தடித்து, அந்தப் பாரத்தில் ஃபிரேம் சரிந்துகொண்டே இருக்கும். அதைவிட, அந்த லென்ஸ் வழியே உருவம் சிறிதாகவும் மறு கண்ணில் இயல்பான அளவிலும் தெரிவதால், மூளையால் இரண்டையும் ஒன்றுசேர்க்க முடிவதில்லை. பிள்ளை கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். முகத்தில் எதையும் தாங்கிக்கொள்ளாத ஆட்டிசக் குழந்தைகளுக்கும் கண்ணாடியைக் கழற்றிவிடும் இதே சிக்கல் உண்டு. கான்டாக்ட் லென்ஸும் ஒத்துவராதபோதுதான் மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள்.

கண்புரைக்கு லென்ஸ் வைப்பதுடன் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். இதில் இயற்கை லென்ஸ் அப்படியே இருக்க, அதற்கு முன்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றைப் பொருத்துகிறார்கள். தேவைப்பட்டால் எடுக்கவும் முடியும். ஆனால், இவ்வகை லென்ஸ்களில் பரவலாக அறியப்பட்ட ஐ.சி.எல்.லுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் அனுமதி அளித்தது 21 முதல் 45 வயது வரையிலானவர்களுக்கே. குழந்தைகளுக்கு அதைப் பொருத்துவது அந்தந்த மருத்துவரின் தீர்மானம். முழு மயக்கம் கொடுக்க வேண்டும். கண்புரை, கண் அழுத்தம், கருவிழியின் உள்பக்கப் படலத்து அணுக்களின் இழப்பு ஆகியவற்றைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். கண் வளர வளர பவரும் மாறும். மங்கலாகவே தெரிவதால் மூளை ஒதுக்கிவைத்து, சோம்பிப்போன கண்ணைப் பழக்க, நல்ல கண்ணை மறைத்துக் கட்டும் பயிற்சியும் அறுவைக்குப் பின் தொடர வேண்டும். இவ்வளவையும் சொல்லாமல் "கண்ணாடிக்கு விடுதலை" என்று விளம்பரம் செய்வது முறையாகாது.

கண்ணை மறைத்துக் கட்டும் அந்தப் பயிற்சி ஏழு, எட்டு வயதுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகத் தொடங்கிய இடம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) கண் மருத்துவமனையாக இயங்கும் ஊர் வேலூர். சிகிச்சைக்கு இங்கே வழி இருக்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தின் மலைப்பக்கத்து ஊர்களான ஒடுகத்தூர், பீஞ்சமந்தைப் பக்கத்துப் பிள்ளைகளின் குறை எட்டாம் வகுப்பில் தெரியவந்தால், எந்த லென்ஸை வைத்தும் முழுப் பார்வையை மீட்பது அரிது. ஒரு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை ஓடியாடி விளையாடும். யாருக்கும் சந்தேகம் வராது. மங்கலான கண்ணை மூடினால் பேசாமல் இருக்கும் குழந்தை, நல்ல கண்ணை மூடினால் கையைத் தட்டிவிட்டு அழும். இதை எந்தத் தாயும் வீட்டிலேயே கவனிக்கலாம்.

தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறை செல்ல வேண்டும் என்பது விதி. அப்போது மூன்று வயதைக் கடந்த ஒவ்வொரு குழந்தைக்கும், படங்களைக் காட்டி, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதிக்குமாறு வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடை உரிமையாளர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.