பெயர் போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் கருத்து எழுதுகிற ஒவ்வொருவரும் சொந்தப் பெயரோடுதான் எழுத வேண்டும், அதற்குச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனுக்குப் பேச்சுரிமை எதற்கு என்று கேட்டிருந்த இடத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். எல்லோரும் சரிதானே என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அப்புறம் தம்பியின் ஞாபகம் வந்தது.

அவன் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்து வந்தான். வேறெங்கோ ஓர் ஆலையில் தீப்பிடித்த செய்திக்குக் கீழே, ‘எங்கள் ஆலையிலும் ராத்திரி அவசர வழிக் கதவை வெளியே பூட்டிவிடுகிறார்கள்’ என்று எழுதினான். சொந்தப் பெயர், சொந்தப் படம். ஒளிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. மூன்றாம் நாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் அவன் எழுதியதன் பிரின்ட் அவுட் இருந்தது. மஞ்சள் மார்க்கரால் அடிக்கோடு போட்டிருந்தார்கள். கதவைப் பற்றிய வரியில் கோடு இல்லை. அவன் பெயருக்குக் கீழே இருந்தது. “இது நீதானே?” அவ்வளவுதான் விசாரணை. கதவு பூட்டியிருக்கிறதா இல்லையா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் அவனை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கதவு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

பெயர் தெரிந்தால் பேச்சுக்குப் பொறுப்பு வரும் என்கிறீர்கள். பெயர் தெரிந்ததும் பேச்சை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிற வழக்கமும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெயரைப் போட்டால் நம்பிவிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2010 தேர்தலை ஒட்டி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்தல் சமயத்தில் இணையத்தில் தேர்தலைப் பற்றிக் கருத்து எழுதுகிறவர் உண்மைப் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் தர வேண்டும். அதை ஆதரித்துப் பேசிய அந்த மாநில அட்டர்னி ஜெனரல் (அங்கே அது சட்டத்துறை அமைச்சர் பதவி) மைக்கேல் அட்கின்சன், தன்னை விமர்சித்து எழுதும் ஒருவரின் பெயரை வானொலியில் சொல்லி, அப்படி ஓர் ஆளே கிடையாது, எதிர்க்கட்சி உருவாக்கிய கற்பனைப் பேர்வழி என்றார். பார்த்தால் அந்த ஆள் நிஜமாகவே இருந்தார். அதுவும் அட்கின்சனின் தொகுதி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்! பெயரைப் போடு என்று சட்டம் போட்டவரே, பெயர் போட்டு எழுதியவரைப் போலி என்றால் என்ன செய்வது? எதிர்ப்பு கிளம்பியதும் சட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

தென்கொரியாவில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. பிரபலங்களைக் குறிவைத்து வசை பெருகுகிறது என்று 2007-ல் அங்கே இத்தகைய சட்டம் வந்தது. முதலில் மிகப் பெரிய தளங்களுக்கு மட்டும். 2009-ல் நாளொன்றுக்கு 1 லட்சம் பேருக்குமேல் வரும் தளங்கள் எல்லாவற்றுக்கும். எழுதுவதற்கு முன்னால் ஆள் யார் என்று சரிபார்க்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பயன்பட்டது அவர்களுடைய 13 இலக்கக் குடிமக்கள் பதிவு எண். பிறந்த தேதியும் பாலினமும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கும். நம் வாயைக் கட்டுப்படுத்தத்தானே கேட்கிறார்கள், கொடுத்தால் என்ன என்று மக்களும் கொடுத்தார்கள். 2011 ஜூலையில் ஒரே ஒரு நிறுவனத்தின் இரண்டு தளங்கள், நேட், சைவோர்ல்ட், இவற்றில் நடந்த திருட்டில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் போயின. நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடி. கடவுச்சொல் திருடுபோனால் அன்றைக்கே மாற்றிவிடலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

சரி, இவ்வளவு விலை கொடுத்து வசையாவது நின்றதா? அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 23 அன்று ஒருமனதாக இந்தச் சட்டம் செல்லாது என்றது. சட்டவிரோதப் பதிவுகள் சொல்லும்படி குறைந்ததாகத் தெரியவில்லை, ஆட்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. யூடியூப் அதற்கு முன்பே, 2009-லேயே, அடையாளம் கேட்க மறுத்து, கொரியப் பக்கத்தில் காணொளி ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையும் நிறுத்தியிருந்தது. கணக்கில் ‘எந்த நாடு’ என்ற இடத்தில் மட்டும் வேறு நாட்டைத் தேர்ந்துகொண்டால் அதே யூடியூபில் தாராளமாக எழுத முடிந்தது. வீட்டுக்காரன் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த மாதிரி.

வசை எனக்குப் புதிதல்ல. பெயரில்லாத வசை, பெயருள்ள வசை இரண்டையும் வாங்கியிருக்கிறேன். இன்றும் மனதில் நிற்பது ஒன்று. என் அம்மாவைப் பற்றி வாயில் சொல்லக்கூடாததை எழுதிய ஒருவர், முழுப் பெயரும் பார்க்கும் வேலையும் போட்டு, மகளை மடியில் உட்காரவைத்த படத்தையும் வைத்திருந்தார். அவருக்கு எந்தச் சட்டம் வெட்கத்தைக் கொடுத்துவிடப் போகிறது? கூட்டத்தில் நாலு பேர் தன் பக்கம் இருக்கிறார்கள் என்று தெரிந்தவன் பெயருக்குக் கூச்சப்பட மாட்டான். பெயரை மறைக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் மறுபக்கத்தில் இருப்பவருக்குத்தான்: அடிக்கிற கணவனோடு இன்னும் ஒரே கூரைக்குள் இருப்பவள், மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஆராய்ச்சி மாணவி, தன் நோயை வீட்டில் இன்னும் சொல்லாதவர்.

கொலை மிரட்டல் விடுகிறவனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெண்களுக்கு வருகிற மிரட்டல்களைப் பார்த்தால் எனக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஆனால் புனைபெயரில் எழுதுகிறவனும் காற்றில் மறைந்துவிடுவதில்லை. எந்த இணைப்பிலிருந்து எழுதினான் என்று காட்டும் ஐ.பி. முகவரி எண், கணக்கு தொடங்கக் கொடுத்த தொலைபேசி எண் என்று ஏதாவது ஒன்று நிறுவனத்திடம் கிடக்கும். குற்றம் நடந்தால் நீதிமன்ற ஆணையோடு போய் அதைக் கேட்டு வாங்கும் வழி பல நாடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தடம் தெரியாமல் அழிக்கத் தெரிந்த ஒரு சிலர் தப்பலாம். அவர்களுக்குப் போலி அடையாளம் தயாரிக்கவும் தெரிந்திருக்கும். பெரும்பாலான புகார்கள் அந்த அளவுக்குப் போவதே இல்லை. புகாரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, நிறுவனத்துக்கு எழுதி, பதில் வரும்வரை விடாமல் துரத்த ஆளில்லை என்பதுதான் குறை. அதற்குச் செலவு செய்ய மனமில்லாமல், எல்லோருடைய பெயரையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவைப்பது சுலபமாகத் தெரிகிறது.

தலையங்கத்தில் வள்ளுவரையெல்லாம் துணைக்கு அழைத்ததால் நானும் கொஞ்சம் விதண்டாவாதம் பேசுகிறேன். குறுந்தொகையில் ஒரு புலவரின் பெயர் நமக்குத் தெரியாது. செம்மண்ணில் விழுந்த மழைநீர் என்று அவர் சொன்ன உவமையையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ஆள் யார் என்று தெரிந்தால்தான் பாட்டைப் படிப்பேன் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

கடைசியாக, உங்கள் பத்திரிகையின் வழக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெயர், முகவரி இல்லாத கடிதத்தைப் போட மாட்டீர்கள். ஆனால் வாசகர் காரணம் சொல்லிக் கேட்டால் பெயரை அச்சிடாமல் விடுகிறீர்கள். அந்தப் பெயர் உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதை நம்பித்தான் எழுதுகிறோம். நீங்கள் கேட்கிற சட்டம் அந்த இழுப்பறையைத் தெருவில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறது.

என் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், மாலை ஆறு மணிக்கு மேல் இருப்பேன். அச்சில் மட்டும் வேண்டாம். தம்பி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்