பற்றரியை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயத் துடிப்பை நடத்தும் கருவியான பேஸ்மேக்கர் பொருத்திய என் அண்ணர் பரிசோதனைக்காக உவர்மலையில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் போனார். ஐந்து நிமிடத்தில் "பற்றரி நல்லாயிருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கா இவ்வளவு தூரம்?

இதயத்தின் மேலறைக்கும் வயர் போட்ட பேஸ்மேக்கர் துடிப்பை நடத்துவதோடு நிற்பதில்லை. மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்றும் குறித்து வைக்கும். ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மேலறையில் தேங்கிய இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம்தான். 2012இல் வெளியான அசெர்ட் ஆய்வில், இரத்த அழுத்தமுள்ள, 65 வயதைத் தாண்டிய 2,580 பேரில் பத்தில் ஒருவருக்கு முதல் மூன்று மாதத்திலேயே ஆறு நிமிடத்துக்கு மேல் இப்படி வேகத் துடிப்பு பதிவானது. அப்படிப் பதிவானவர்களுக்கு, பதிவாகாதவர்களைவிடப் பாரிசவாத ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

பதிவு இருந்தால் உடனே இரத்தம் உறையாத மருந்து என்றில்லை. 2023இல் வந்த ஆர்ட்டீசியா ஆய்வில் அபிக்சபான் என்ற அந்த வகை மருந்து பாரிசவாதத்தைக் குறைத்தது, இரத்தக்கசிவைக் கூட்டியது. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது வைத்தியரின் வேலை. பதிவைத் திறக்காமல் எதை எடைபோடுவது?

மேலறைப் பதிவின் விபரத்தை ஒவ்வொரு முறையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரட்டும். மூதூர், வெருகல் பக்கத்து முதியவர்களும் கேட்டு வாங்குங்கள், கேட்பது குற்றமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.