ஆழ்கடலுக்கு ட்ரோன் எட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த ட்ரோன் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். புயலில் டவர் சாய்ந்தால் ட்ரோனைப் பறக்கவிட்டு, செயற்கைக்கோள் வழியாக செல்போன் இணைப்புக் கொடுக்கலாம் என்பது நல்ல செய்திதான். ஆனால் ஆழ்கடலுக்குப் போன மீனவர்களும் இனிக் கரையோடு பேசலாம் என்று கடைசியில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மரியா புயலுக்குப் பிறகு, 2017 நவம்பரில், கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இப்படி ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டதை நீங்கள் அறிவீர்கள். 200 அடி உயரத்தில் நின்று 40 சதுர மைல் வரைக்கும் சேவை கொடுத்தது. நடுவிலிருந்து அளந்தால் 6 கிலோமீட்டர்கூட வராது. இன்னும் உயர்த்தி 100 மீட்டரில் நிறுத்தினாலும் கடலின் வளைவு விடாது, ஏறக்குறைய 40 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். எங்கள் தூத்தூர் பக்கத்து ஆட்கள் தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போவது நூற்றுக்கணக்கான கடல்மைல்.

அதே நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் எங்களை அடித்தது. என் வீட்டுக்காரர் அதற்குப் பத்து நாள் முன்பே கொச்சியிலிருந்து போயிருந்தார். எச்சரிக்கை வந்தபோது அதை அவருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. கரையிலும் கரண்ட் இல்லை. டவர் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற யாரும் வரவில்லை. கோயில் வாசலில் கரை திரும்பாதவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். கரை ஏறியவர் எங்கிருந்தாவது போன் பண்ணினால் அவர் பெயரைப் பட்டியலில் அடித்துவிடுவார்கள். ஒன்பதாம் நாள் மகாராஷ்டிரக் கரையிலிருந்து அவர் பேசினார். பக்கத்து வீட்டுப் பையன் பெயர் கடைசிவரை அடிபடவில்லை.

சாட்டிலைட் போன் கேட்டோம். அனுமதி வேண்டும், பாதுகாப்புப் பிரச்சினை என்றார்கள். 2019-இல் படகில் வைக்கும் ஜெமினி கருவி வந்தது. அதில் எச்சரிக்கை வரும், கடலில் இருப்பவர்கள் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. இப்போது படகில் பொருத்தக் கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவியில் குறுஞ்செய்தி போய் வருகிறது. குரல் இல்லை. ஆழ்கடலுக்கு வேண்டியது படகிலிருந்து நேராகச் செயற்கைக்கோளுக்குப் போகும் பேச்சு. ட்ரோன் வேண்டியது எங்கள் கரைக்கு, பக்கத்தில் வலை போடும் வள்ளங்களுக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு எழுதினால், ட்ரோன் வந்தாயிற்றே, இன்னும் என்ன கேட்கிறீர்கள் என்று அதிகாரிகள் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒக்கிக்குப் பிறகு இத்தனை வருஷமாக இப்படித்தான் அனுப்பினார்கள்.

உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து வாங்குகிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி, ட்ரோன் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.