“ஆசியர்” என்ற ஒரே கட்டம் போதாது: உலர்கண் ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உலர்கண் ஆய்வுத் திட்டம் வகுக்கும் கண் மருத்துவர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் குழுக்களுக்கும் வணக்கம்.

கருத்தரங்குக்குக் கருத்தரங்கு ஒரு ஸ்லைடு வந்துகொண்டே இருக்கிறது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியான மைபோமியன் சுரப்பியில் கோளாறு வெள்ளையரில் 3.5 முதல் 20 சதவீதம், ஆசியரில் 46 முதல் 70 சதவீதம் என்று அது சொல்லும். 2011-இல் வெளிவந்த பன்னாட்டு அறிக்கையின் அட்டவணையைச் சுருக்கியது அது. எண்களில் பிழை இல்லை. ஆனால் சுருக்கும்போது, எதைப் பார்த்துக் கோளாறு என்று முடிவு செய்தார்கள் என்ற விவரம் விழுந்துவிட்டது. அமெரிக்காவின் சாலிஸ்பரியில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் சுரப்பித் துளை அடைப்பையும் இமைமயிரடிச் செதிலையும் பார்த்தார்கள், 3.5 கிடைத்தது. பெய்ஜிங்கில் 40 வயதிலிருந்தே சேர்த்துக்கொண்டு, இமை ஓரத்து மெல்லிய ரத்தக்குழாய் விரிவை எண்ணினார்கள், 68 கிடைத்தது. வயது வேறு, அளவுகோலும் வேறு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன வேறுபாடு என்று பேசுவது சரியில்லை.

வேறுபாடே கிடையாது என்பதல்ல எங்கள் வாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரே ஊரில் வாழும் ஆசிய, ஐரோப்பிய வம்சாவளியினரை ஒரே கருவிகளால் ஒப்பிட்டார்கள். ஆசியரிடம் இமை முழுதாக மூடாத இமைப்பும் சுரப்பி இழப்பும் கூடுதலாக இருந்தன. அங்கேயே நடந்து 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வில் பிள்ளைகளிடமே அவை தென்பட்டன. நோய் முற்றுவதற்கு முன்பே விதை விழுந்துவிடுகிறது என்று இதைப் படிக்கலாம். இமைப்பு முழுதாக முடிந்தால்தான் சுரப்பி பிழியப்பட்டு எண்ணெய் வெளியே வரும். பாதியில் நின்றால் எண்ணெய் தேங்கி இறுகும். கருவிழியின் கீழ்ப்பகுதியும் நனையாமல் காயும்.

கிழக்காசிய இமையின் அமைப்பு, இறுக்கம் ஆகியவற்றைத்தான் இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். மடிப்புள்ள, ஆழக் குழிந்த தென்னிந்தியக் கண்ணுக்கும் அதே காரணம் பொருந்துமா? சீனரையும் தமிழரையும் ஒரே கட்டத்தில் டிக் செய்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழி இல்லை. படிவத்தில் தெற்காசியர், கிழக்காசியர், தென்கிழக்காசியர் என்று பிரியுங்கள். அதைவிட முக்கியம், இமைப்பைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். கைபேசியில் ஸ்லோ மோஷனில் ஒரு நிமிடம் எடுத்தால் போதும். “இமைப்பைப் பார்க்கப் போகிறோம்” என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லோருமே ஒழுங்காக மூடித் திறப்பார்கள்.

அடுத்தது, உலர்கண் அறிகுறிகளை மதிப்பெண்ணாக அளக்கும் ஓ.எஸ்.டி.ஐ. வினாத்தாள். 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை 25-ஆல் பெருக்கி, பதில் வந்த கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் அறிகுறி உண்டு. வண்டி ஓட்டாத, ஏ.டி.எம். பக்கம் போகாத, வாசிக்காத, ஏ.சி. அறையில் உட்காராத ஒரு பாட்டிக்கு 4 கேள்விகள் பொருந்தா. மீதி 8 கேள்விகளில் கூட்டுத்தொகை 5 என்றால் மதிப்பு 15.6. பொருந்தாத நான்குக்கும் 0 போட்டு 12-ஆல் வகுத்தால் 10.4. நோயாளி ஒரே எழுத்தர் பிழையில் ‘நலம்’ ஆகிவிடுகிறார்! கிராமத்து முகாம் தரவுகளில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

பரிசோதனை வரிசையும் மாறக்கூடாது: வினாத்தாள், பிறகு இமைத்தபின் கண்ணீர்ப் படலம் உடைய எடுக்கும் நேரம், கடைசியில் இமையை அழுத்துவது. முதலிலேயே அழுத்தினால் எண்ணெய் பிதுங்கி வந்து படலத்தையே மாற்றிவிடும். படலத்தைக் காட்டும் சாயமான ஃபுளோரெசின் தோய்ந்த பட்டையில் ஒரு சொட்டு சலைன் (உப்புக் கரைசல்) விட்டு, மிகுதியை உதறிவிட்டுக் கண்ணில் தொடுங்கள். சாயம் அதிகமானால் நேரக் கணக்கு தப்பும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

அழுத்தும்போது கட்டைவிரல் பலம் ஆளுக்கு ஆள் மாறும். அளவான அழுத்தம் தரும் ஸ்பிரிங் கருவி இருந்தால் கீழிமையின் மூக்குப் பக்கம், நடு, காதுப் பக்கம் என்று மூன்று இடங்களில் 10 முதல் 15 விநாடி அழுத்துங்கள். மொத்தம் 15 சுரப்பிகளில் எத்தனை திரவ எண்ணெய் தருகின்றன என்று எண்ணுங்கள். தெளிவு, கலங்கல், குருணை, பற்பசைக் கெட்டி என்ற தரத்தையும் குறியுங்கள். சுரப்பிகளைக் காட்டும் அகச்சிவப்புப் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று: கீழிமையின் ஓரங்கள் முழுதாகப் புரளாவிட்டால், மறைந்த சுரப்பி அழிந்த சுரப்பியாகக் கணக்கில் ஏறும்.

நம் ஊர்க் கண்களில் இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. கறுத்த இமை ஓரத்தில் ரத்தக்குழாய் விரிவு எடுப்பாகத் தெரியாது. ஆகவே பெய்ஜிங் அளவுகோலை இங்கே அப்படியே கொண்டுவந்தால் கோளாறு குறைத்தே பதிவாகும். மற்றது மை. இமையின் உள்விளிம்பில் தீட்டுவது சுரப்பித் துளைகளின் மேலேயே தீட்டுவதுதான். கண்ணீர்ப் படலத்துக்குள்ளும் கரைந்து போகிறது. தினமும் மை இடுகிறாரா, எங்கே இடுகிறார் என்று கேட்காத ஆய்வு, பழக்கத்தை இனம் என்று எழுதி வைக்கும். முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையும், பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி கலந்த கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) சொட்டு மருந்தும் கேட்க வேண்டிய இதே பட்டியலில் வரவேண்டும்.

சிங்கப்பூர்க் குழுக்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே வெயிலிலும் ஒரே ஏ.சி.யிலும் வாழும் ஊர் உங்களுடையது. அந்த இந்தியரில் பெரும்பான்மையோர் தமிழர். மலாய்க்காரர் ஆய்வில் சுரப்பிக் கோளாறு 56.3 சதவீதம் என்று ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறீர்கள். அடுத்த சுற்றில் மூன்று குழுவுக்கும் ஒரே வயது வரம்பு, ஒரே அளவுகோல், இமைப்பு வீடியோ, மேல் கீழ் இரண்டு இமைக்கும் அகச்சிவப்புப் படம் என்று வைத்து, முடிவுகளைக் குழுவாரியாகத் தனித்தனியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கண் பரிசோதனைப் பணியில் உள்ள ஆப்டோமெட்ரிஸ்டுகள் சிலர்