செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: ரொமான்டிக் கால இசையோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மன்றத்தின் மூத்த உறுப்பினர்களே, புதிதாக வந்து சேர்ந்திருக்கும் இளையவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை நமது மேற்கத்திய இசை கேட்போர் மன்றம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு தவறாமல் கூடியது. ஞாயிறு மாலைக் கூட்டங்கள் மழைக்காலத்தில் சில முறை தள்ளிப்போனாலும் எதுவும் கைவிடப்படவில்லை. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நாம் கேட்ட இசைக்கே ஒதுக்குகிறேன்.

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி (ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படும் நீண்ட படைப்பே சிம்பொனி) வியன்னாவில் 1824 மே 7 அன்று அரங்கேறியது. அதன் 200-ஆம் ஆண்டு என்பதால் அங்கிருந்து தொடங்கி, பெரும்பாலும் ரொமான்டிக் காலம் எனப்படும் அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் செவ்வியல் இசை எப்படி மாறியது என்பதை ஆண்டு முழுவதும் தொடர்வது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. அத்துடன் ஒரு விதியையும் வகுத்தோம்: எடுத்த படைப்பை முழுவதும் கேட்பது, துண்டு துண்டாகப் போடுவதில்லை. இந்த விதியைத் தளர்த்தக் கோரி உறுப்பினர்கள் சிலர் எழுதிய கடிதம் செயற்குழுவிடம் உள்ளது. அதற்கான பதிலும் இந்த அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

முந்தைய உலகத்தைத் தெரிந்துகொள்ள முதல் மாலையை ஹைடனுக்குக் கொடுத்தோம். எஸ்தர்ஹாஸி பிரபுவின் அரண்மனையில் வேலைக்குச் சேர 1761 மே 1 அன்று அவர் ஒப்புக்கொண்ட விதிகளைத் தமிழில் எழுதி வாசித்தோம். சீருடையில்தான் வர வேண்டும். முற்பகலிலும் பிற்பகலிலும் முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். பிரபு விரும்புவதை எழுத வேண்டும். எழுதியதைப் பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கக் கூடாது. அடுத்து, 1809-இல் வியன்னாவின் மூன்று பிரபுக்கள் பீத்தோவனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை வாசித்தோம். ஆண்டுக்கு 4,000 ஃப்ளோரின். அவர் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதே முக்கிய நிபந்தனை. எதை எழுத வேண்டும், எப்போது வந்து நிற்க வேண்டும் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. ஐம்பதே ஆண்டுகளில் இசைக்கலைஞனின் நிலை எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பது அன்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

எழுதுபவரின் நிலை மட்டும் மாறவில்லை, கேட்பவரின் நிலையும் மாறியது. இந்த ஆண்டு முழுவதும் நாம் கற்றதில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். 1778-இல் பாரிஸிலிருந்து தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே மக்கள் கைதட்டினார்கள் என்று மொசார்ட் மகிழ்ச்சியோடு சொல்கிறார். அந்த இடம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் அதை எழுதினாராம். 1842-இல் மெண்டல்சோன் தன் ஸ்காட்டிஷ் சிம்பொனியின் நான்கு பகுதிகளையும் இடைவெளி விடாமல் வாசிக்கக் கேட்டுக்கொள்கிறார். நடுவில் கைதட்டல் விழுந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. இவை இரண்டுக்கும் நடுவில்தான் பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனி நிற்கிறது. 1805 ஏப்ரல் 7 அன்று வியன்னா மக்கள் அதை முதன்முதலாகக் கேட்டபோது, நீளம் அதிகம் என்று குறைபட்டுக்கொண்டார்கள். அதுவரை அவர்கள் பழகிய சிம்பொனிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இது முக்கால் மணி நேரத்தையும் தாண்டியது. முதல் பகுதியில் எழுந்த ஒரு சிறு உறுத்தல் எங்கே போய்த் தீர்கிறது என்று தெரிய, கேட்பவர் நினைவோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது சிம்பொனியை மே மாதத்தில் முழுவதும் கேட்டோம். சிம்பொனிக்குள் மனிதக் குரல் நுழையும் இடத்துக்காக மூன்று பகுதிகள் காத்திருந்தவர்களுக்கே அந்தக் குரலின் எடை தெரிந்தது. முதல் அரங்கேற்றத்தில் காது கேளாத பீத்தோவனைப் பாடகி கரோலினா உங்கர் கூட்டத்தின் பக்கம் திருப்பி, கைதட்டலைப் பார்க்க வைத்தார் என்று அக்காலத்தவர் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தலைவர் எடுத்துச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

ஷூபர்ட்டுக்கு ஒதுக்கிய மாலைகளே இந்த ஆண்டின் உச்சம் என்பது என் கருத்து. 31 வயதில் இறந்துபோன அவர் 600-க்கும் மேற்பட்ட பாடல்களை விட்டுச் சென்றார். ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘எர்ல்கோனிக்’ கவிதைக்கு 1815-இல் இசையமைத்தபோது அவருக்கு வயது 18. ஒரு தந்தை, காய்ச்சலில் கிடக்கும் மகனை அணைத்தபடி இரவில் குதிரையில் விரைகிறார். சிறுவனின் கண்ணுக்கு மட்டும் ஒரு பேயரசன் தெரிகிறான். கதைசொல்லி, தந்தை, மகன், பேயரசன் என்ற நால்வரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். பியானோவின் வலது கை ஒரே ஸ்வரத்தை மும்மூன்றாக விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. மகன் ‘அப்பா’ என்று அலறும் ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் சற்று மேலே ஏறுகிறது. அடியில் ஒலிக்கும் பியானோவோடு ஒட்டாமல் உரசுகிறது. பேயரசன் பேசும்போது மட்டும் எல்லாம் இனிமையாகிவிடுகிறது. கடைசியில் குதிரை நிற்கிறது, பியானோவும் நிற்கிறது. பிள்ளை இறந்துவிட்டான் என்ற செய்தியைப் பாடகர் கிட்டத்தட்டப் பேச்சாகவே சொல்லி முடிக்கிறார். நான்கு நிமிடம்தான். முடிந்தபின் யாருக்கும் பேச்சு எழவில்லை. மொழி தெரியாதவர்களுக்கும் எல்லாம் புரிந்திருந்தது.

ரொமான்டிக் காலத்தின் மாற்றம் இங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது. பியானோ வெறும் பக்கவாத்தியமாக இல்லாமல் குதிரையாகவும் இரவாகவும் பயமாகவும் ஆகிறது. 1816-இல் நண்பர்கள் இந்தப் பாடலைக் கதேவுக்கு அனுப்பினார்கள். ஒரு வரிப் பதில்கூட இல்லாமல் அது திரும்பி வந்தது. பதிப்பாளர்களும் தயங்கவே, 1821-இல் நண்பர்கள் பணம் திரட்டித் தாங்களே அச்சிட்டார்கள். பிரபு இல்லாத காலத்தில் கலைஞனைத் தாங்கியது இத்தகைய நட்புவட்டம்தான். நம்மைப் போன்ற மன்றங்களுக்கு இதைவிடப் பெருமையான முன்னோடி வேண்டியதில்லை.

அடுத்து பியானோ. சுருதி சேர்க்கும் தொழிலில் இருக்கும் நமது உறுப்பினர் ஒருவர், பியானோவைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டி விளக்கினார். மொசார்ட் வாசித்த பியானோவின் சட்டம் மரம். ஐந்து ஸ்தாயி அளவுக்கே கட்டைகள். சுத்தியல்களின் மேல் தோல். 1821-இல் பாரிஸைச் சேர்ந்த எரார் நிறுவனம் ஒரு புதிய பொறியமைப்புக்குக் காப்புரிமை பெற்றது. அதில் கட்டை முழுவதும் மேலே எழும்பும் முன்பே மறுபடி தட்ட முடியும். பியானோ கலைஞர் லிஸ்ட்டின் மின்னல் வேகத்துக்கு வழிவிட்டது அந்தப் பொறிதான். 1825-இல் பாஸ்டனில் பாப்காக் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்தார்; அடுத்த ஆண்டு பாரிஸில் பாப் என்பவர் சுத்தியலுக்குத் தோலுக்குப் பதில் ஃபெல்ட் எனும் அழுத்திய கம்பளித் துணி போட்டார். 1859-இல் ஸ்டைன்வே கிராண்டு பியானோவின் தந்திகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செல்லும்படி அமைத்தது. இன்றைய பியானோவில் எல்லாத் தந்திகளின் இழுவிசையும் சேர்ந்தால் சுமார் 20 டன் வரும் என்று நண்பர் சொன்னபோது பலரும் அருகே வந்து அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பிறகு ஷோப்பனின் டி ஃபிளாட் நாக்டர்னை, அதாவது இரவின் மனநிலையைச் சொல்லும் பியானோ படைப்பைக் கேட்டோம். இடது கை ஒரு ஸ்தாயிக்கும் மேலாக விரிந்து ஓடுகிறது; பெடல் அந்த ஸ்வரங்களையெல்லாம் ஒன்றாகத் தாங்கி நிற்கிறது. கைவிரல்கள் மட்டும் செய்ய முடியாததைக் கால் செய்கிறது. அந்த மெலிந்த மனிதர் வாழ்நாளில் பொதுமேடையில் வாசித்தது சுமார் 30 முறைதான். லிஸ்ட்டோ 1840-இல் லண்டனில் தன் தனிக்கச்சேரிகளுக்கு ‘ரிசைட்டல்’ என்று பெயர் சூட்டியவர். ஒரே ஆள், ஒரே வாத்தியம், ஒரு மாலை முழுவதும் என்ற வழக்கத்தை நிலைநாட்டியவர். இருவரும் ஒரே காலத்தில் ஒரே பாரிஸில் வாழ்ந்தவர்கள். தனிமையும் பெருங்கூட்டமும் இரண்டுமே அந்தக் காலத்தின் முகங்கள்.

ஆர்கெஸ்ட்ரா பெருத்த கதைக்கு பெர்லியோஸை எடுத்துக்கொண்டோம். 1830 டிசம்பர் 5 அன்று பாரிஸில் அரங்கேறிய அவரது ‘சிம்பொனி ஃபாந்தாஸ்டிக்’ ஒரு இளம் கலைஞனின் காதலையும், அபின் மயக்கத்தில் அவன் காணும் கொடுங்கனவையும் ஐந்து பகுதிகளில் சொல்கிறது. அந்தக் கதையை அச்சிட்டு முன்கூட்டியே வெளியிட்டார் அவர். காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டு எல்லாப் பகுதிகளிலும் வருகிறது. கடைசிப் பகுதியில் சூனியக்காரிகளின் நடுவே அதே மெட்டு அலங்கோலமாகி ஒலிக்கிறது. ஹார்ப்புகள், மணிகள், இடியை எழுப்ப நான்கு பேர் தட்டும் டிம்பனி முரசுகள் என்று எல்லாம் கதைக்காக வந்தவை. 1818-இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற வால்வு, ஹார்ன், டிரம்பெட் ஆகிய ஊதுகருவிகளுக்கு எல்லா ஸ்வரங்களையும் திறந்துவிட்டு இந்த வளர்ச்சிக்குத் துணை நின்றது. 1910-இல் மியூனிக்கில் மாலரின் எட்டாவது சிம்பொனி அரங்கேறியபோது மேடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

குறிப்பிட வேண்டிய இன்னொரு மாலை மெண்டல்சோனுடையது. 1829 மார்ச் 11 அன்று, 20 வயதில், இயேசுவின் பாடுகளைப் பாடும் பாக்கின் ‘மத்தேயு பேஷன்’ படைப்பை பெர்லினில் மறுபடி ஒலிக்கச் செய்தார். பாக் இறந்து 80 ஆண்டுகள் ஆகப்போகும் நேரம் அது. மறைந்தவர்களின் இசையைத் தேடிக் கேட்கும் வழக்கம் இப்படித்தான் வலுப்பெற்றது. மெண்டல்சோனின் அக்கா ஃபானியையும் நாம் மறக்கவில்லை. இசை உன் தம்பி ஃபெலிக்ஸுக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று 1820-இல் தந்தை அவருக்கு எழுதினார். தன் பெயரில் படைப்புகளை முறையாக வெளியிடத் தொடங்கிய 1846-க்கு அடுத்த ஆண்டே ஃபானி இறந்துபோனார். அவரது ‘ஆண்டு’ என்ற பியானோ தொகுப்பையும், கிளாரா ஷூமான் மூன்று வாத்தியங்களுக்கு எழுதிய ஜி மைனர் டிரியோவையும் ஒரே மாலையில் கேட்டோம். அவை எவருடைய நிழலிலும் நிற்க வேண்டிய படைப்புகள் அல்ல.

வாக்னர் பற்றிய விவாதம் சூடாக இருந்தது. யூத இசைக்கலைஞர்களை இழிவுபடுத்தி 1850-இல் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையை 1869-இல் தன் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டவர் அவர். அதில் தாக்கப்பட்டவர்களில் அப்போது உயிரோடு இல்லாத மெண்டல்சோனும் ஒருவர். இதைப் பேசாமல் அவர் இசையைப் போட முடியாது என்று மூத்த உறுப்பினர்கள் வலியுறுத்தினார்கள். செயற்குழு அதை ஏற்றது, ஏற்றதும் சரி. அதன்பின் அவரது இசைநாடகமான ‘டிரிஸ்டன்’ ஆப்பெராவை மூன்று ஞாயிறுகளில் அங்கம் அங்கமாக, எதையும் வெட்டாமல் முழுவதும் கேட்டோம். வியன்னாவில் 70-க்கும் மேற்பட்ட ஒத்திகைகளுக்குப் பிறகு கைவிடப்பட்டு, 1865-இல் மியூனிக்கில் அரங்கேறிய படைப்பு அது. தொடக்கத்தில் வரும் ஸ்வரக்கூட்டு எங்கும் இறங்கி இளைப்பாறாமல் ஏங்கிக்கொண்டே போகிறது; அந்த ஏக்கம் முழுதாகத் தீர்வது கடைசி நிமிடங்களில்தான். முதலையும் முடிவையும் மட்டும் கேட்டவருக்கு நடுவில் இருக்கும் நான்கு மணி நேரத் தவிப்பு கிடைக்காது.

வாக்னருக்கு எதிர்முகாமில் நின்ற பிராம்ஸ் தன் முதல் சிம்பொனியை 1876-இல், 43 வயதில்தான் வெளியே விட்டார். அதே ஆண்டு வாக்னர் பைராய்ட்டில் தன் சொந்த அரங்கைத் திறந்தார். ஆர்கெஸ்ட்ரா பள்ளத்தில் மறைந்திருக்க, இருண்ட கூடத்தில் மக்கள் மேடையை மட்டும் பார்த்திருந்தார்கள். கொள்கையில் இவ்வளவு தூரம் விலகி நின்ற இருவருமே கேட்பவரிடம் கேட்டது முழுக் கவனத்தைத்தான். ஸ்மேதனா, டுவோர்ஷாக், கிரீக், சாய்கோவ்ஸ்கி ஆகியோரை ஆண்டின் இறுதியில் விரைவாகவே தொட முடிந்தது. ஒவ்வொரு நாடும் தன் நதியையும் நாட்டுப்பாடலையும் ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்த கதைக்குத் தனி ஆண்டு வேண்டும்.

மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியதைத் தொடர்ந்து, சிம்பொனி என்றால் என்ன என்று கேட்டபடி இளைஞர்கள் பலர் மன்றத்துக்கு வந்தார்கள். அவர்களுக்காக அறிமுகக் கூட்டம் ஒன்று நடத்தினோம். நூலகத்தில் இசைத்தட்டுகளின் பட்டியல் தமிழில் தயாராகிவிட்டது. பழுதான ஒலிபெருக்கியை மாற்ற நன்கொடை அளித்தவர்களுக்கும், கூடத்தைத் தந்து உதவியவர்களுக்கும், தேநீர் ஏற்பாட்டை விடாமல் கவனித்துக்கொண்ட நண்பர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

செயற்குழுவின் பரிந்துரைகள் இவை. முழுமையாகக் கேட்கும் விதி நீடிக்க வேண்டும். நீண்ட நேரம் உட்கார முடியாத மூத்தவர்களுக்காகப் பகுதிகளுக்கு நடுவே பத்து நிமிட இடைவேளை விடலாம், இசையை வெட்ட வேண்டாம். இந்த ஆண்டு இடம் தர முடியாத வெர்தியின் ஆப்பெராக்களை வரும் ஆண்டின் முதல் பாதியில் கேட்க வேண்டும். இளைய உறுப்பினர் இருவரைச் செயற்குழுவில் சேர்க்க வேண்டும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்