டகோட்டா ரெண்டும் பாகம் பிரிச்ச ஒரே வீடு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, அமெரிக்காவுல பக்கத்து பக்கத்து மாநிலங்கள்ல வெர்மான்ட்டும் நியூ ஹாம்ப்ஷயரும்தான் ரெட்டைப் பிள்ளைங்கன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. மேப்ல பாத்தா அப்படித்தான் தெரியும், ஒண்ணைத் தலைகீழா கவுத்தா இன்னொண்ணு, ரெண்டுலயும் மலை, மேப்பிள் மரம், ஜனங்கள்ல பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. ஆனா வரி, சட்டம்னு வந்துட்டா குணமே வேற. நியூ ஹாம்ப்ஷயர்ல சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது, பெரியவங்க கார்ல சீட் பெல்ட் போடணும்னு கூட சட்டம் இல்ல. வெர்மான்ட்டோ 1968லயே ரோட்டோர விளம்பர போர்டுக்கு தடை போட்ட ஊரு, இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸை விடாம ஜெயிக்க வெக்கிற ஊரு.

என்னைக் கேட்டா வடக்கு டகோட்டாவும் தெற்கு டகோட்டாவும்தான் ஒரே அச்சு. வேலை விஷயமா வடக்கு டகோட்டாவுல ஃபார்கோங்கிற ஊர்ல நாலு வருஷம் இருந்தேன், ஃப்ரெண்டு ஒருத்தன் தெற்கு டகோட்டாவுல அபர்டீன்ல இருந்தான், மாசம் ஒரு தடவையாவது மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டுப் போவேன், வழி பூரா மக்காச்சோளம், சோயா, தானியக் கிடங்கு, மறுபடி மக்காச்சோளம். பார்டர் தாண்டிட்டோம்னு தெரியுறதே ஸ்பீடு போர்டை வெச்சுதான், அப்ப வடக்க மணிக்கு 75 மைல், தெக்க 80.

1889 வரைக்கும் ரெண்டும் ஒரே டெரிட்டரி, அதாவது இன்னும் மாநிலமா ஆகாத பகுதி சார். 1883ல தலைநகரை யாங்க்டன்லேர்ந்து பிஸ்மார்க்குக்கு தூக்கிட்டுப் போனதுல தெக்கத்திக்காரங்களுக்கு ஆத்திரம், ரிபப்ளிகன் கட்சிக்கோ ரெண்டா பிரிச்சா ரெண்டு செனட்டருக்குப் பதிலா நாலு கிடைக்கும்னு கணக்கு. 1889 நவம்பர் 2ஆம் தேதி ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் ரெண்டையும் மாநிலமாக்குற ரெண்டு பேப்பரையும் கலைச்சு, பேரை மறைச்சு வெச்சு கையெழுத்துப் போட்டாரு, அதனால எது மூத்தது எது இளையதுன்னு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது! 2020 சென்சஸ்ல கூட வடக்க 7.79 லட்சம், தெக்க 8.87 லட்சம், அவ்ளோதான் வித்தியாசம்.

சாப்பாடும் அப்படித்தான். ரஷ்யாவுல கருங்கடல் பக்கம் இருந்த ஜெர்மன்காரங்க 1870கள்லேர்ந்து வந்து ரெண்டு பக்கமும் குடியேறினவங்க. எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட் அம்மா பனி கொட்டுற நாள்ல நெஃப்லா சூப் கொண்டு வருவாங்க, உருளைக்கிழங்கும் குட்டி குட்டி மாவு உருண்டையும் க்ரீம்ல மிதக்கும், நான் மேல மிளகுத்தூளைக் கொட்டுறதைப் பாத்து சிரிப்பாங்க. அபர்டீன் போனா அங்கயும் அதே சூப், அதே சப்புன்னு.

வித்தியாசமே இல்லன்னு சொல்லல. வடக்க பாக்கன்ங்கிற பாறைப் படிவத்துலேர்ந்து கச்சா எண்ணெய் வந்து காசு கொட்டுச்சு, தெக்க பூர்வகுடி ஜனங்க விகிதம் அதிகம். ஆனா ஜனங்களே பேசுற கோடு மாநில எல்லை இல்ல, மிசௌரி ஆறு. தெக்க "நீ ஈஸ்ட் ரிவரா வெஸ்ட் ரிவரா"ன்னுதான் கேப்பாங்க, ஆத்துக்கு கிழக்க விவசாயி, மேக்க மாடு மேய்க்கிற தொப்பிக்காரங்க. ஸ்டாண்டிங் ராக் பூர்வகுடி நிலம் எல்லைக்கு ரெண்டு பக்கமும் கெடக்கு, அவங்களுக்கு அந்தக் கோடு எதுக்கு?

இப்படிக்கு,
பழைய ஃபார்கோவாசி, திருச்சி

பி.கு: கட்டுரையோட வந்த மேப்ல வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பேரு ரெண்டும் இடம் மாறி அச்சாயிருக்கு. வெர்மான்ட்தான் மேக்க இருக்கு சார்.