ஃபர்லாங்குக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் ஃபர்லாங் என்றால் என்ன என்று கேட்டிருந்தார். 'குதிரைப் பந்தயத்துக்காக வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய அளவு' என்று ஒரே வரியில் பதில் சொல்லி, பக்கத்தில் ஓடும் குதிரை ஒன்றின் படமும் போட்டிருக்கிறீர்கள். படம் நன்றாக இருக்கிறது.

தங்களுக்குத் தெரியாததில்லை, அது உழவர்களின் சொல். பழைய ஆங்கிலத்தில் முன்பாதிக்கு உழவுசால் என்று பொருள், பின்பாதிக்கு நீளம். சால் ஓடும் நீளம், அவ்வளவுதான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஊருக்குப் பொதுவான பெரிய புலத்தை நீள நீளப் பட்டைகளாகப் பிரித்து ஆளுக்குச் சில என்று உழுதார்கள். கனமான ஏர், ஈரக் களிமண், எட்டு மாடு வரை பூட்டுவார்கள். அத்தனை மாட்டையும் மடக்கித் திருப்புவது லேசுப்பட்ட காரியமா? அதனால் முடிந்தவரை திருப்பாமல் ஒரே போக்கில் ஓட்டினார்கள். அந்த ஓட்டம்தான் பின்னால் 220 கெஜம், அதாவது 660 அடி என்று நிலைத்தது. சால் முடிவதற்கு முன்பே மாடுகளை ஒரு பக்கமாக ஒதுக்க ஆரம்பிப்பதால் பட்டைகளே லேசாக வளைந்து கிடக்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், புல் மூடிய மேய்ச்சல் நிலங்களில் அந்த வளைவை இன்றைக்கும் பார்க்கலாம்.

660 அடி நீளம், 66 அடி அகலம் என்றால் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழுகிற நிலம் என்று கணக்கு. 1593-இல் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் மைலுக்கு எட்டு ஃபர்லாங் என்றது. மைல் ஒழுங்காக 5,000 அடியாக இல்லாமல் 5,280 அடியாக நிற்பது இந்த உழவுசாலால்தான். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் எருசலேமிலிருந்து எம்மாவு என்ற கிராமத்துக்கு அறுபது ஃபர்லாங். எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம் தொடங்கியது 1780-இல். குதிரை ரொம்பப் பின்னால்தான் வருகிறது, ஐயா.

நான் சர்வேயராக வேலை பார்த்தவன். நிலம் அளக்கும் அந்த 66 அடிச் சங்கிலியை வெயிலில் இழுத்தவன். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620-இல் வகுத்தது அது. நூறு கண்ணி, பத்துப் பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. சேறு அப்பிய வில்லையைக் கட்டைவிரலால் துடைத்து, அதன் பல்லை எண்ணித்தான் எத்தனையாவது பத்து என்று பார்ப்போம். பத்துச் சங்கிலி ஒரு ஃபர்லாங். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்குதான் நம் சென்ட்.

கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் இதே ஒரு சங்கிலிதான், 22 கெஜம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அது '22 அடி' என்று வந்தது. அந்தத் தூரத்திலிருந்து பந்து போட்டால் பேட்ஸ்மேன் மூக்கு என்ன ஆவது? சரி, விளையாட்டு என்று விட்டுவிட்டேன். மனை வாங்குவோருக்கான கட்டுரையில் சென்ட்டுக்கு 453 சதுர அடி என்று போட்டீர்களே, அதை எப்படி விடுவது? 435.6 என்பதுதான் கணக்கு. ஐந்து சென்ட் வாங்குகிறவருக்கு 87 சதுர அடி காற்றில் போகிறது. உடனே எழுதினேன். பிரசுரித்தீர்கள், நன்றி. கணக்கையெல்லாம் வெட்டிவிட்டு 'அட்டைப்படம் அருமை' என்ற வரியை மட்டும் போட்டிருந்தீர்கள்.

பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸும், பேச்சிலெல்லாம் ஏக்கரும் சென்ட்டும். மாற்றிக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லித் தெருவாசிகள் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறார்கள். நான் சொன்னால், "புக்குல 453னு போட்டிருக்கே சார்" என்கிறார்கள். நான் சங்கிலி பிடித்ததெல்லாம் சும்மா, தங்கள் அச்சுப்பிழைதான் சாட்சி.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஃபர்லாங்குக்கு ஒரு வரி, சென்ட்டுக்கு ஒரு வரி, அதே கேள்வி-பதில் பக்கத்தில் திருத்தம் போட்டால் போதும். ராசி பலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போட வேண்டாம், என் வயதுக்காரர்களுக்குக் கண் தெரியாது. இந்த முறை அட்டைப்படத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்பதையும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வேயர், பழைய சந்தாதாரர்,
மன்னார்குடி